முடியப்பரின் முடி ஆருக்கு?

அன்பு முடியப்பு அண்ணைக்கு,

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

1. உங்கள் கூத்தில் வரும் ஹங்கேரி ராசா.
2. நீங்கள் கண்மூடியபின் எங்களுக்குள் வந்த பிளவு.
3. கூத்துப் பழக்கும் உங்கள் அண்ணாவியார் கதிரை, மகனுக்கல்ல, தம்பியான எனக்கே உரியது.

அந்த நாட்டின் முதல் ராசாவுக்கும் எங்கள் புனிதர் முடியப்பரின் பெயர்தான், உங்கள் பெயர்தான் என்று அறிந்த அன்று நீங்கள் துள்ளிய துள்ளல்! அவருடைய முடிக்காகப் பின்வந்தவர்கள் பட்ட பாட்டைத்தான் கூத்தாக எழுதினீர்கள். ராசா செத்தால் முடி தம்பிக்கா, மகனுக்கா? அங்கே அதற்கு ஒரே விடை இருக்கவில்லை.

தம்பி அந்திரேயா படை திரட்டி நின்றபோது, ராசாவான அண்ணன் இம்ரே ஆயுதமில்லாமல், ஒரு தடியோடு அந்தப் பாசறைக்குள் நடந்து போனானாம். ஒருவரும் அவனைத் தொடத் துணியவில்லை. தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தானாம். நினைக்கும்போதெல்லாம் உடல் சிலிர்க்கிறது. எப்படி நடந்திருப்பான்? நடுங்கவில்லையா?

இங்கே உங்கள் மகன் ரெஜி மோர்டென்ஸ்ருட் ஊர் மண்டபத்தில் ஒத்திகையைத் தொடர்கிறான். பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோம் ஆட்கள் எங்கள் பழைய கூத்துக்காரர் மனுவல் வீட்டில் கூடி, நான்தான் அண்ணாவியார் என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதி நடிகர்கள். இப்படியே போனால் கூத்து மேடையேறாது. எனக்கும் கதிரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். நேற்றுப் பூசை முடிந்து மனுவல் வீட்டில் இருந்தபோது ரெஜி தனியே வந்தான். ரயில் ஓட்டும் வேலை உடுப்பு. கையில் மத்தளம்கூட இல்லை.

“வாறார் இளவரசர்! முடி எங்கை தம்பி?” என்றார் மனுவல்.

“அட்டை முடிதானே மாமா, மழைக்கு ஊறிப்போம் எண்டு விட்டிட்டு வந்தனான்.”

மனுவல் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். ரெஜி நேரே வந்து என் கையைப் பிடித்தான்.

“எழும்புங்கோ சித்தப்பா. அந்திரேயாவின்ரை பாட்டை அப்பா உங்கடை குரலுக்கெண்டுதானே எழுதினவர். நீங்கள் வராட்டி கூத்தில்லை.”

“அப்ப… கதிரை?” என்றேன்.

“அதிலை நீங்களே இருங்கோ. நான் நாள் முழுக்க ரயிலிலை இருக்கிறனான். நிண்டே பழக்குறன்.”

மனுவல்தான் முதலில் எழும்பி, ஒத்திகைக்குப் போக வாசலில் தன் சப்பாத்தைத் தேடினார்.

அண்ணை, நான் வாசித்துச் சிலிர்த்ததை என் பெறாமகன் கண்முன்னே நடந்து காட்டினான். அவன் கை நடுங்கியது. அந்த ராசாவுக்கும் நடுங்கியிருக்கும், இல்லையா?

இம்ரே சாகும்போது தன் சின்ன மகனை அந்திரேயாவின் காவலில் விட்டான். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வேற்று நாட்டுக்கு ஓடினாள். பிள்ளை அங்கேயே இறந்தது. முடி சித்தப்பன் தலைக்கு வந்தது. நான் மேடையில் அந்திரேயாவாகப் பாடுவேன். இறங்கியபின் அந்திரேயாவாக இருக்கமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. கதிரையில் ரெஜியை நானே இருத்துவேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.

உங்கள் தம்பி,
ரெஜியின் சித்தப்பா,
சூசை