முந்நூறாவது ஆந்தை

பிப்ரவரி 18, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாயா!

விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்த பறவை இனம் முந்நூறு ஆகிவிட்டது! நேற்றுக் காலை ஆறு பத்துக்கு, ஏரியில் பழைய மரமேடையின் ஓரத்து முளையில் உட்கார்ந்திருந்தது குட்டைக்காது ஆந்தை. பதினெட்டு வருடமாக என்னை ஏய்த்த பறவை. இன்று என் கடைக்கு மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தவர்கூட, "என்ன சார், ஒரே சிரிப்பா இருக்கீங்க?" என்றார்.

நம் பறவைக் குழுவின் பதிவேடு உன் கையில். தம்பி என்று சலுகை காட்டமாட்டாய், தெரியும். படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். உடன் இருந்தவர்: யாருமில்லை. குழுவில் என்னோடு போட்டி போடும் மருந்துக்கடைக்காரர் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கட்டும், பாவம்.

உன் செல்லத் தம்பி

பிப்ரவரி 20, புதன்

அன்புத் தம்பிக்கு,

வலி அப்படியேதான் இருக்கிறது. ஆந்தை முகத்தில் விழித்துவிட்டுத் துள்ளிக் குதிக்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

ஆனால் விதி விதிதான். செத்த பறவை சேராது, கூண்டுப் பறவை சேராது, குரலை மட்டும் கேட்டால் சேராது. உட்கார்ந்திருக்கும்போது நெட்டைக்காது ஆந்தையும் காதை மடக்கிக்கொண்டால் இதே மாதிரிதான் இருக்கும். பறந்தபோது சிறகு நுனி முழுக் கருப்பா, வரிவரியாகவா? அதைச் சொல்லாமல் சேர்க்கமாட்டேன்.

இன்னொன்று. மருந்துக்கடைக்காரர் மனைவி போன் செய்தாள். ஞாயிறு விடியற்காலை பைனாகுலரோடு போனவர் வீடு திரும்பவில்லையாம். எந்த இடம் என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம்தான் உங்கள் யாருக்கும் கிடையாதே. "உங்க தம்பிக்குத் தெரிஞ்சிருக்குமா அக்கா?" என்று அழுதாள். உனக்குத் தெரியுமா?

உன் அக்கா

பிப்ரவரி 22, வெள்ளி

அன்பு அக்காவுக்கு,

என்னையே சந்தேகப்படுகிறாயா? நுனி முழுக் கருப்பு, சத்தியமாக! பலகை முறிந்த சத்தத்தில் விருட்டென்று எழும்பி, மேடைக்கு மேல் இரண்டு சுற்று சுற்றியது. நான் ஐம்பதடி தள்ளிக் கரையில், முக்காலியில் தொலைநோக்கியோடு இருந்தேன். நான்கு நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மருந்துக்கடைக்காரர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் மனைவி என் கடைக்கும் வந்தாள். "வந்துடுவாரு, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். நீ சீக்கிரம் பதிவு செய்.

தம்பி

பிப்ரவரி 23, சனி

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன்.

நீ கரையில் இருந்தாய். அந்த ஆந்தை அரைக் கிலோகூட இருக்காது. அப்படியானால் பலகை முறிந்தபோது மேடையில் நின்றது யார்?

அம்மா போனபிறகு உன்னை வளர்த்தவள் கேட்கிறேன். மறைக்காமல் எழுது.

அக்கா

பிப்ரவரி 26, செவ்வாய்

அக்கா,

எனக்கு முன்பே அவர் மேடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து இளித்தார். ஆந்தையைக் காட்டி மூன்று விரலை உயர்த்தினார். முந்நூறாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தார், பலகை முறிந்தது. நான் தள்ளவில்லை. அவரைத் தொடக்கூட இல்லை.

"கையைக் கொடுய்யா! கையைக் கொடு!" என்று கத்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆந்தை அப்போதுதான் பறந்துகொண்டிருந்தது. சிறகு நுனியைப் பார்க்காவிட்டால் நீ சேர்க்கமாட்டாயே! கண்ணை எடுத்தால் போச்சு. சத்தம் அடங்கியபிறகுதான் நிமிர்ந்தேன்.

எனக்கு அந்தப் பறவை வேண்டாம். நான் அன்றைக்கு ஏரிப்பக்கமே போகவில்லை என்று வைத்துக்கொள். படிவத்தைக் கிழித்துப் போடு, கடிதங்களை எரித்துவிடு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது போதும். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

பிப்ரவரி 28, வியாழன்

தம்பிக்கு,

காய்ச்சலில் கிடந்தபோது என் மடியில் படுத்திருந்த பிள்ளையா நீ என்று அழுது தீர்த்துவிட்டேன். விதி போட்டவள் நான்தான். ஒரு மனிதன் மூழ்கும்போதும் என் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய் என்று நினைக்கவில்லையடா.

கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியாது. பதிவு செய்துவிட்டேன். குட்டைக்காது ஆந்தை, பிப்ரவரி 17, காலை ஆறு பத்து, ஏரி மரமேடை. உடன் இருந்தவர் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்பதை அடித்துவிட்டு, மருந்துக்கடைக்காரர் என்று எழுதினேன்.

அதற்கு மேல்வரியில் அவர் பெயரில் இதே ஆந்தைக்கு இன்னொரு பதிவும் இருக்கிறது. அவர் உனக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார், நீயே எழுதியிருக்கிறாய். குழுவில் முதலில் முந்நூறைத் தொட்டவர் அவர்தான்.

பதிவேட்டையும் உன் மூன்று கடிதங்களையும் காலையில் நானே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏரியில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மனைவி கரையில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பதிவாளர்,
பறவைக் குழு