வெளுப்புப் பொறிகளுக்கு நீரளந்த சுரைக்குடுக்கை

மழை தவறாத மலைகளும் ஓசை அடங்காத மடைகளும் உடைய வெண்கோட்டு நாட்டை ஆளும் நன்னாகை மாதேவி, தென்கரைச் சீமையைக் காத்து நிற்பவரும் எம்முடன் பிறந்தவருமான செழுங்கண்ணனுக்கு விடுக்கும் ஓலை. உம் வயல்கள் விளைக. உம் துறைகளில் படகுகள் நெருங்கி நிற்க. உம் வீட்டில் சிரிப்பொலி குறையாதிருக்க.

உம் ஓலை கண்டோம். துணி துவைக்க வீடுதோறும் வைத்த வெளுப்புப் பொறிகள் ஊர் நீரையெல்லாம் குடித்துத் தீர்க்கின்றன என்றும், வரும் முழுநிலா நாளில் அவற்றை உடைத்து விறகாக்க எம் ஒப்புதல் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். தம்பி, அந்த ஒப்புதலை யாம் தரப்போவதில்லை. உம் சினம் நியாயமானதே. சென்ற திங்களில் எமக்கும் அதே சினம் இருந்தது. பின்பு இங்கே நடந்ததைக் கேட்டால் சினம் ஆறி, எம்மைப் போலவே நீரும் மகிழ்வீர்.

தலைநகரின் அமைப்பை நீர் அறிவீர். மலைமடை நீர் முதலில் மேலைத்தெரு வீடுகளுக்குள் குழாய் வழியே புகும். எஞ்சியதே கீழைத்தெருத் தொட்டிக்கு இறங்கும். வீட்டுப் பொறியின் குழாய் வாயில் ஒரு மரத்தக்கை உண்டு. அதைப் பிடுங்கினால் பொறிக்குள் நீர் பாயும், செருகினால் நிற்கும். மிதிகட்டையை மிதித்தால் உள்ளே துளையிட்ட உருளை சுழன்று துணியை அலசும். தக்கையைப் பிடுங்க எவரும் மறந்ததில்லை, செருகத்தான் மறந்தனர். மேலைத்தெரு முற்றங்களில் நீர் வழிந்து சேறாக, கீழைத்தெருத் தொட்டியில் பாசி காய்ந்து உரிந்தது.

அந்நாளில் கீழைத்தெருச் சாத்தி என்பவள் எம் அவைக்கு வந்தாள். மணவீட்டுத் துணிகளைப் பூவந்திக்காய் நுரை சொட்டச் சொட்ட இரு கைகளிலும் அள்ளி வந்து, எம் அரியணை முன் நின்றாள். அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுதுமாறு ஓலை எழுதுவோரைப் பணித்தோம்.

“தாயே, வர்ற வெள்ளிக்கு எம் மக எயினிக்குக் கல்யாணம். நொரை போட்டாச்சு, அலசத் தண்ணி இல்ல. மொதல்ல இத அலச விடுங்க. வழக்க அப்புறம் சொல்றேன்.”

அரண்மனைக் கிணற்றில் அலச விட்டோம். வழக்கு, மேலைத்தெருவில் வாழும் படைத்தலைவரின் மனைவி வெண்பூதியின் மேல். அவள் வீட்டுப் பொறி பொங்கி வழிந்ததைத் தெருவே கண்டிருந்தது. அழைத்துக் கேட்டபோது வெண்பூதி தலை குனியவில்லை.

“வேணும்னேவா வழிய விட்டேன்? பொறி நெறஞ்சுதான்னு பாத்துக்கிட்டே நிக்கணும்னா, கையாலயே தொவச்சிருப்பேனே” என்றாள்.

அவள் சொன்னதும் சரியே. இருவரும் சரியாக இருக்கும் வழக்கைவிடக் கொடியது அரசுக்கு வேறில்லை. பொறிகளை விலக்கிவிட யாம் வாய் திறந்த வேளையில், அவற்றைச் செய்த பொறிவினைஞர் மருதங்கிழார் எழுந்து, மணநாள் வரை பொறுக்குமாறு வேண்டினார். பொறுத்தோம்.

முதலில் அவர் வெண்பூதி வீட்டுப் பொறியில் நாழிகை வட்டில் கொண்டு நேரம் அளந்தார். இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு நீர் என்பது அவர் கணக்கு. காலையில் மடை வேகமாக வந்து பொறி பொங்கியது; உச்சிப்பொழுதில் மடை தளர்ந்து, அதே நேரத்தில் துணியின் பாதிகூட நனையவில்லை. நேரத்தை அளந்து பயனில்லை, நீரின் மட்டத்தையே அளக்க வேண்டும் என்று தெளிந்தார். ஆகவே காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை நீண்ட கோலில் கட்டிப் பொறிக்குள் மிதக்கவிட்டு, கோலின் மறுமுனையைத் தக்கையோடு பிணைத்தார். நீர் ஏறினால் குடுக்கை ஏறும். குடுக்கை ஏறினால் தக்கை இறங்கி அடைக்கும். எண்ணம் நன்று. ஆனால் உருளை சுழன்றதும் குடுக்கை கூத்தாடியது. தக்கை படபடவென்று திறந்து மூடியது. ஈற்றில் குடுக்கை வெண்பூதியின் பட்டுச்சேலையில் சிக்கி, பிள்ளையைத் தூளியில் இட்டதுபோல் சுற்றிக்கொண்டு வெளிவந்தது. வழக்குத் தொடுத்துச் சோதனையைக் காண வந்த சாத்தியே அதைக் கண்டு சிரித்துத் தரையில் அமர்ந்துவிட்டாள். வெண்பூதியும் அருகே அமர்ந்து சிரித்தாள். பகை அங்கேயே பாதி கரைந்தது.

சிரித்து ஓய்ந்த சாத்தி, “ஆட்டம் போடற எடத்துல அத ஏன் விட்டீங்க? பக்கத்துல தனியா ஒக்கார வைங்க” என்றாள். தாமும் அதையே எண்ணியிருந்ததாக மருதங்கிழார் சொன்னார். எண்ணியிருந்தாரோ இல்லையோ, மறுநாளே பொறியின் பக்கத்தில் ஒரு நெடும்பானை நின்றது. அடியில் சிறு துளையால் இரண்டும் இணைந்தமையால் இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றே; உள்ளே எவ்வளவு கொந்தளித்தாலும் பானை நீர் அசையவில்லை; குடுக்கை அமைதியாக ஏறியது. துணி சிறிதாயின் பானையருகே அடித்த இரு முளைகளில் கீழ்முளையிலும் மிகுதியாயின் மேல்முளையிலும் கோலை மாட்டலாம். நீர் அதற்கேற்ற அளவில் நிற்கும்.

மணநாளுக்கு முந்திய காலை, மேலைத்தெரு முழுதும் பொறிகளில் குடுக்கை மாட்டி, எல்லா வீடுகளிலும் ஒருசேர நீர் திறக்கச் செய்தோம். வெண்பூதி வேண்டுமென்றே பொறிக்கு முதுகு காட்டி அமர்ந்து வெற்றிலை மடித்தாள். மடை வேகமாக வந்த வேளை அது. குழாயின் இரைச்சல் மெல்லத் தணிந்து, தானே நின்றது. முற்றத்தில் ஒரு துளி சிந்தவில்லை. அடுத்த வீட்டிலும் நின்றது; அதற்கடுத்த வீட்டிலும் நின்றது. சற்றைக்கெல்லாம் கீழைத்தெருத் தொட்டியடியிலிருந்து சாத்தியின் குரல் ஏறி வந்தது.

“தண்ணி வருது. நிக்காம வருது.”

மணம் இனிதே நடந்தது. மணமகளுக்கு விளக்குப் பிடித்தவள் வெண்பூதி.

ஆதலால் யாம் இடும் ஆணை இது. உம் சீமையில் ஒரு பொறியும் உடைபடலாகாது. குயவர் பானை வனைக. தச்சர் கோல் செதுக்குக. வேலையை ஊரின் தாழ்ந்த தெரு மக்கள் முன்னின்று மேற்பார்க்க. மருதங்கிழார் அறுவடைக்குப் பின் அங்கு வருவார். அதுவரை காத்திராமல் தொடங்குக. இவ்வோலையை உம் கையில் தருபவளே எயினி. உம் துறையூர்ப் படகோட்டிகளின் குடிக்கு மருமகளாக வருகிறாள். தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவரும் பொறியை இயக்கிக் காட்டும் பொறுப்பை அவளுக்கு அளித்துள்ளோம். ஐயமிருப்பின் அவளிடமே கேட்கலாம். தாயைப் போலவே பேசுவாள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கிறோம்.

மடைமுகத்து மாமண்டபத்தில், அவையோர் அறிய, எம் கைப்பட எழுத்திட்டு இரட்டைக் கயல் முத்திரை பொறித்தோம். இவ்வாணை ஓடும் நீரென நிற்காது செல்க.