சாவிக்கொத்தும் பதினாலாம் அத்தியாயமும்

மார்ச் 3
கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடாமல் ஒரு நாவலைப் படிப்பது என்று இன்று முடிவெடுத்தேன். வாழ்நாள் பழக்கத்தைத் துறக்கிறேன். மனைவியிடம் அறிவித்தேன். "சரி, அப்படியே அந்தக் குப்பையக் கீழ வெச்சுட்டு வாங்க" என்றாள்.

அரசியல் மர்ம நாவல். நாட்டைப் பிடிப்பவன் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. பரம சாது. ஒவ்வொரு அலுவலகச் சாவியையும் "நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

மார்ச் 5
வாசல் தாழ்ப்பாளை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுப் படுத்தேன். நாவலில் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

மார்ச் 6
லிஃப்டில் மேல்மாடிப் பல் டாக்டர். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் செயலாளர். இடுப்பில் சாவிக்கொத்து: மோட்டார் அறை, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி. இத்தனை குடும்பங்களின் குளியலும் ஒரு மனிதனின் இடுப்பில் தொங்குகிறது. இதுவரை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அவசியம் வந்துடுங்க சார். உங்களத்தான் நம்பியிருக்கேன்." சிரித்தார். எல்லாப் பற்களும் தெரிந்தன.

என்னை ஏன்?

மார்ச் 7
பதினாலாம் அத்தியாயம். சந்தேகப்பட்ட ஒரே மந்திரியைக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். போகிறார். திரும்பவில்லை.

மார்ச் 8
பல் டாக்டர் மேல் எனக்குள்ள சந்தேகத்தை மனைவியிடம் விளக்கினேன். "அந்த மனுஷனே இந்தச் சனியன் விட்டாப் போதும்னு கெஞ்சிட்டிருக்காரு. நீங்க வேற."

நாவலிலும் அவன் பதவி வேண்டாம் என்றுதான் சொல்கிறான். அதையும் சொன்னேன். புத்தகத்தை அடுப்பில் போடுவதாகச் சொன்னாள். நூலகப் புத்தகம் என்று நினைவூட்டினேன்.

எனக்கென்ன பேராசையா? ஓய்வு பெற்று நாலு மாதம்தான் ஆகிறது. யாரும் எதற்கும் கூப்பிடாத பகல்கள். இந்தப் புத்தகத்தையும் பிடுங்கினா மனுஷன் எங்கதான் போறது?

மார்ச் 9, ஞாயிறு
கூட்டத்தைப் புறக்கணித்தேன். ஜனநாயகம் பிழைக்க ஒருவராவது வெளியே இருக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். கீழே பலத்த கைதட்டல். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். யாரையோ முடித்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குப் போயிருந்த மனைவி வந்து கதவைத் தட்டினாள். திறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். சாவிக்கொத்தை என் மடியில் போட்டாள்.

"வராதவங்க தலைலதான கட்டுவாங்க? டாக்டர் ஊர்ல இல்லாதப்பதான் அவரு தலைல கட்டினீங்க. அன்னிக்கு மொதல்ல கை தூக்கினதே நீங்கதான்."

"இன்னிக்கு யாரு?"

"நான்தான்."

மார்ச் 12
விடிவதற்குள் மணியடிக்கிறார்கள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையாம். "நான் பாத்துக்கறேன்" என்றேன். பல் டாக்டர் விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மார்ச் 15
நாவலை முடிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

பல் டாக்டரிடம் மோட்டார் அறைக்கு ஒரு மாற்றுச் சாவி இருப்பது தெரியவந்தது. புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். அதற்கு இரண்டு சாவி. இரண்டும் என்னிடம் இருக்கின்றன.