வெனிசில் இரண்டாவது படகு

அன்புள்ள அப்பா,

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் அல்பேட்டன் வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தேன். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தண்ணீரின்மேல் பச்சைப் பாசி திரண்டு கிடந்தது. கரையில் கட்டியிருந்த நீளப் படகு ஒன்றில் யாரோ எஞ்சினை இயக்கினார்கள். டீசல் புகையும் அழுகிய இலையின் மணமும் கலந்து வந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. வெனிசில் படகுத் துறையில் இதே மணம்தான் அடித்தது. என்னை அறியாமலே தண்ணீரை விட்டு விலகி, முள்ளுப் பற்றை சட்டையில் உரசுமளவுக்கு மதில் பக்கமாகப் போய் நின்றேன். நீங்களும் எந்தத் தண்ணீர்க் கரையிலும் அப்படித்தான் நடப்பீர்கள்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் வெனிசுக்குப் போகிறோம் அப்பா. பெரியம்மாவின் மகள், வெனிசுக்குப் பக்கத்தில் மெஸ்த்ரேயில் இருக்கும் அக்கா, அவரின் கலியாணத்துக்குத்தானே முதல் முறை நாங்கள் நால்வரும் போனோம். இப்போது அவரின் குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். அம்மா டிக்கெட் எடுத்துவிட்டார். மூன்று இருக்கையும் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில்.

போன கிழமை அம்மா என்னிடம், "அப்பா அந்த முறை வீடியோ பாத்துப் பாத்துச் சொன்னதெல்லாம் உனக்கு நினைவிருக்கே? எனக்கு ஒண்டும் நினைவில்லை. நான் அவருக்குப் பின்னால போனனான், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தேத்தண்ணீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், நீங்கள் கைபேசியில் அந்த நகரத்தை ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சில்லுப் பெட்டி வேண்டாம், பாலத்துக்குப் பாலம் தூக்கி ஏற வேண்டி வரும், தோளில் போடும் பை போதும் என்றீர்கள். அந்தப் பையையும் கூட்டத்தில் முதுகில் போடாமல் நெஞ்சுப் பக்கம் மாட்டச் சொன்னீர்கள். காலையில் வெள்ளெனப் போகவேண்டும். பகலில் கப்பல்களிலும் பஸ்களிலும் வந்து இறங்குகிறவர்கள் பின்னேரம் திரும்பிப் போகும் வரைக்கும் பெரிய சதுக்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. கூட்டம் நெருக்கினால் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், அங்கே ஆள் இருக்காது. வழி தவறினால் கைபேசியை நம்பாமல் சுவரில் உள்ள மஞ்சள் பலகைகளைப் பார்த்துப் போகவேண்டும். தண்ணீர்ப் போத்தல் வாங்கத் தேவையில்லை, தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் வரும். படகில் ஏறமுதல் டிக்கெட்டை இயந்திரத்தில் தொட்டுக் காட்டவேண்டும். ஒரே துறைக்கு இரண்டு பக்கம் போகும் படகுகளும் வரும், எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டு ஏறவேண்டும். பாலப் படிகளில் உட்காரக் கூடாது, அபராதம் போடுவார்கள்.

நான் வெம்பிளி நூலகத்திலிருந்து அந்த நகரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். சேற்றுக்குள் மரக் குற்றிகளை இறுக்கி, அவற்றின்மேல்தான் முழு நகரத்தையும் கட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மரத்திலயோ நிக்குது?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அப்பா. எத்தினையோ நூறு வருசமா நிக்குது."

"அப்ப நல்லா உக்கிப் பழசாய்ப் போயிருக்கும்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே படகில் ஏறக்கூடாது என்பதுதான் அது.

எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தானே. வெம்பிளி பார்க்கில் ஜூபிலி லைன் வந்தால் அம்மாவும் நானும் முன் பெட்டி, நீங்களும் தங்கையும் பின் பெட்டி. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனாலும் ஒரு சோடி முதல் பஸ்ஸில், மற்றச் சோடி அடுத்த பஸ்ஸில். அக்காவின் கலியாணத்துக்குக்கூட இரண்டு விமானங்களில் போனோம், காசு கூட என்று அம்மா புறுபுறுத்தார். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஏழாம் வகுப்பில் நூதனசாலை பார்க்க முழு வகுப்பையும் ஒரே பஸ்ஸில் ஏற்றியபோது, பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்வரை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் வெனிஸ் பார்க்க வந்தோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே தண்ணீர் கிடந்தது. நான் படங்களில் பார்த்ததைவிட அது கிட்டவாக இருந்தது. நடந்தே சுற்றலாம் என்றீர்கள். அம்மா விடவில்லை.

"படகில ஏறாமல் திரும்பிப் போறதெண்டால் என்னத்துக்கு வந்தனாங்கள்?"

"சரி. நான் சின்னவளோட முதல் படகில போறன். நீர் பெரியவளோட அடுத்ததில வாரும். பெரிய பாலத்தடியில இறங்கி நிக்கிறன்."

"இஞ்சாருங்கோ, இது வாய்க்கால். கடலில்லை."

"தண்ணியில வாய்க்கால் எண்டு எழுதியிருக்கே?" என்றுவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டீர்கள். படகு திரும்பும்போது தங்கை எங்களுக்குக் கையசைத்தாள். நீங்கள் அசைக்கவில்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளின் சட்டைக் கொலரையும் பிடித்திருந்தீர்கள்.

அடுத்த படகு வந்தபோது மிதவை மேடையில் கால் வைக்க இடமிருக்கவில்லை. பின்னாலிருந்து பெட்டிகளோடு ஒரு கூட்டம் நெருக்கியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தபடி ஏறினார். யாரோ ஒருவரின் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. கை விட்டுப் போயிற்று. படகுக்காரர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். அம்மா உள்ளே, நான் மேடையில். "பிள்ளை, பிள்ளை" என்று அம்மா கூப்பிட்டது எஞ்சின் சத்தத்துக்குள் கேட்டது. படகுக்காரர் என்னைப் பார்த்து, அடுத்ததில் வா என்பதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினார். பிறகு இடையில் தண்ணீர் அகன்றுகொண்டே போனது.

என் கைபேசி அம்மாவின் கைப்பையில் இருந்தது. களவு போகும் என்று நீங்கள்தான் எல்லாருடையதையும் வாங்கி அம்மாவின் பைக்குள் வைத்திருந்தீர்கள்.

நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "தவறினால் நிண்ட இடத்திலயே நில். தேடுறது ஒராள், நிக்கிறது ஒராள். ரெண்டு பேரும் தேட வெளிக்கிட்டால் சந்திக்கவே மாட்டம்." ஆகவே நின்றேன். மேடை காலுக்கடியில் ஏறி இறங்கியது. ஒரு படகு வந்து போனது, இன்னொன்று வந்து போனது. ஒவ்வொரு முறையும் கூட்டம் என்னை முட்டிக்கொண்டு ஏறியது. நான் தூணைக் கட்டிப் பிடித்திருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் வாசித்த மரக் குற்றிகள் எனக்குக் கீழே சேற்றுக்குள் இருட்டில் நிற்பதை நினைத்தேன். முதல் படகு போய்ச் சேர்ந்திருக்குமா? இரண்டாவது? இரண்டும் சேரவில்லை என்றால் நான் யாரிடம் போவேன், எந்த மொழியில் சொல்வேன்? அழுதால் யாராவது என்னைக் கூட்டிப்போய்விடுவார்கள், பிறகு நீங்கள் வரும்போது நான் இந்த இடத்தில் இருக்கமாட்டேன் என்று பயந்து, அழாமல் நின்றேன்.

எதிர்ப் பக்கமிருந்து வந்த படகில் நீங்கள் வந்தீர்கள். பாலத்தடியில் அம்மாவின் படகு வந்து, அதில் நான் இல்லை என்று கண்டதுமே திரும்பும் படகில் ஏறியிருக்கிறீர்கள். கயிறு கட்டமுதலே இறங்கினீர்கள். எட்டு வயதுத் தங்கையைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. அந்த முகத்தை நான் அதற்குமுதல் பார்த்ததில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளை ஒன்றின் முகம்போல இருந்தது.

அம்மா, உங்களோடு அந்தப் படகில் ஏற இடம் கிடைக்காமல், ஒழுங்கைகளுக்குள்ளால் மஞ்சள் பலகைகளைப் பார்த்து நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்து, அதைக் கையில் வைத்திருந்தார். உட்காரக் கூடாது என்று நீங்கள் சொன்ன பாலப் படியிலேயே நீங்கள் உட்கார்ந்தீர்கள். நாங்களும் உட்கார்ந்தோம். அபராதம் போட யாரும் வரவில்லை.

அப்போதுதான் சொன்னீர்கள். "ஊரில சண்டை நேரம், கிளாலியால தப்பி வரேக்க எனக்கு ஒன்பது வயசு. இருட்டுக்க கடலேரியைக் கடக்கோணும். என்ர ஐயா எங்களை ரெண்டு வள்ளத்தில பிரிச்சு ஏத்தினவர். நானும் அம்மாவும் ஒண்டில. ஐயாவும் அண்ணையும் மற்றதில. எல்லாரும் ஒண்டாப் போகக்கூடாது, ஆராவது மிஞ்சோணும் எண்டவர். வெடிச் சத்தம் கேட்டது. நாங்கள் வந்து இறங்கிட்டம். விடிஞ்ச பிறகும் கரையிலயே நிண்டனாங்கள்."

"மற்ற வள்ளம்?" என்று தங்கை கேட்டாள்.

"இன்னும் வரேல்லை" என்றீர்கள்.

அம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து உங்களிடம் தந்தார். நீங்கள் குடித்துவிட்டு, "அப்பிடிப் பிரிச்சபடியால்தான் நான் இருக்கிறன். நீங்களும் இருக்கிறியள்" என்றீர்கள். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னீர்கள். எனக்கு அது சமாதானமாக இருக்கவில்லை. அந்த மேடையில் தூணைப் பிடித்து நின்றதே திரும்பத் திரும்ப வந்தது.

நீங்கள் தண்ணீரில் போகவில்லை அப்பா. கூட்டத்தில் தவறவும் இல்லை. சென்ற தை மாதம் ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தீர்கள், பிறகு நிமிரவில்லை. நெஞ்சு என்றார்கள். அன்றைக்கு நாங்கள் நால்வரும் ஒரே அறையில் இருந்தோம்.

அதற்குப் பிறகு முதல் தடவை ரயிலேறப் போனபோது, மூன்று பேரை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று யாரும் பேசவில்லை. அம்மா தங்கையோடு முன்னால் ஏறினார். நான் பின் பெட்டிக்குப் போனேன். இன்றுவரைக்கும் அப்படித்தான். பெட்டியின் முன் ஓரத்தில் நின்று, கண்ணாடிக்குள்ளால் அவர்களின் தலைகள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டால் கண்ணாடியோடு ஒட்டி நிற்பேன். புத்தகம் விரித்திருப்பேன், ஒரு வரியும் ஓடாது. எனக்கு இது பிடிக்கவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் இடத்தில் யாராவது நிற்கவேண்டும்தானே.

டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அந்த மிதவை மேடை கனவில் வருகிறது. அம்மாவும் தங்கையும் முதல் படகில் போகிறார்கள். இரண்டாவது படகு வருவதேயில்லை.

இன்று வாய்க்கால் மணத்தோடு வீட்டுக்குள் வந்தபோது, அம்மா குழந்தைக்குக் கொண்டுபோக பயத்தம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை உடைந்த உருண்டைகளை எல்லாம் தின்றுகொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அம்மா, வெனிசில ரெண்டாவது படகில நான் தனியத்தான் வாறதோ?"

அம்மாவின் கை நின்றது. "ஏன் தனிய?"

"நீங்கள் தங்கச்சியோட முதல் படகில போங்கோ. நான் அடுத்ததில வாறன். எனக்கு ஏலும்."

"உனக்கு ஏலும். எனக்கு ஏலாது." அம்மா மாவுக் கையைப் பார்த்தபடி சொன்னார். "ரயிலில நீ கண்ணாடிக்கால எட்டி எட்டிப் பாக்கிறதை நான் காணேல்லை எண்டு நினைச்சியோ? அப்பா அண்டைக்குக் கரையில நிண்டவர். பிறகு சாகுமட்டும் அங்கதான் நிண்டவர். எனக்கு உன்னையும் அங்க விட ஏலாது. மூண்டு பேரும் ஒண்டா ஏறுவம். இடமில்லாட்டில் அந்தப் படகு போகட்டும், அடுத்தது வரும்."

"படகு தண்ணிக்குள்ள தாண்டால்?" என்றாள் தங்கை, வாய் நிறைய மாவோடு.

"தாண்டால் ஒருத்தரும் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருக்க மாட்டினம்."

அடுப்பில் கேத்தில் கொதித்து அடங்கியது.

பிறகு தங்கை, "எனக்கு நீந்தத் தெரியும். உங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியாது" என்றாள். அம்மா அவளின் மூக்கில் மாவைப் பூசினார்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது அப்பா. ஒரே படகு என்று முடிவானதால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. இதை எழுதும்போதும் கை குளிர்ந்து ஈரமாக இருக்கிறது, அன்றைக்கு உங்கள் கை இருந்ததுபோல. ஆனாலும் ஏறுவேன். பையை நெஞ்சுப் பக்கம் மாட்டுவேன். கைபேசியை என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், அதற்கு மன்னிக்கவேண்டும். எந்தப் பக்கம் போகும் படகு என்று கேட்டு, அம்மாவையும் தங்கையையும் முதலில் ஏற்றி, அம்மாவின் கையை விடாமல் பின்னால் ஏறுவேன். கம்பிக் கதவு சாத்தியதும் துறையைத் திரும்பிப் பார்ப்பேன், யாராவது விடுபட்டுத் தனியாக நிற்கிறார்களா என்று. மேடை கண்ணுக்குத் தெரியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்
பெரியவள்