தயார் செய்த வாசிப்பு

பிராங்க்ஸ்,
செப்டம்பர் 9

அன்புள்ள செவெரோவுக்கு நோயெமி எழுதுவது. போன்சேயில் எல்லோரும் சுகம்தானே?

நான்கு முறை போன் செய்தும் என் வீட்டுக்காரர் எலாதியோ எடுக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டதாக உங்கள் மகள் சொன்னாள். அவருக்கு உங்கள்மேல் கோபமில்லை. விஷயம் வேறு.

முப்பது வருஷம் அவர் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று, ஆளுயரத் தந்தி வாத்தியமான அந்தப் பாஸை வாசித்தவர் நீங்கள். தனி வாசிப்புக்கு அவர் வீட்டில் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை. "செவெரோ எங்க விடுறானோ அங்கேருந்து நான் எடுப்பேன். அதை எப்படி முன்னாடியே தயார் பண்றது?" என்பார். அந்த மனிதர் மூன்று வாரமாக ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அதே ஓட்டம், அதே இடத்தில் நிறுத்தம். பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஞாயிறு மதியம் பூங்காவில் கச்சேரி. அதையேதான் வாசித்தார். பலத்த கைதட்டல். இப்போது உங்கள் இடத்தில் வாசிக்கும் இலியானா என்னைத் தனியே கூப்பிட்டாள். "நடுவுல ரெண்டு தடவை வேணும்னே மாத்தி வாசிச்சேன்மா. திரும்பிக்கூடப் பாக்கல. அவருக்குக் காது கேக்குதா?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் கத்தினார். பிறகு சொன்னார்: "வலது காது போயிடுச்சு. இடதுல ஒரே இரைச்சல். போன்ல யார் பேசினாலும் தகரம் அடிக்கிற மாதிரி இருக்கு. மேடையில பாஸ் எது, காங்கா மேளம் எதுன்னு பிரியல. அதான் தயார் பண்ணிட்டுப் போறேன்."

"அப்போ அது உங்க வாசிப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

வியாழன் ஒத்திகையில் பாஸைப் பியானோவோடு ஒட்டி நிறுத்தச் சொன்னாராம். ஷூவைக் கழற்றிவிட்டு, பாஸ் ஊன்றிய பலகைமேல் வெறும் பாதத்தை வைத்து, அதன் அதிர்வைப் பிடித்துக்கொண்டு வாசித்தாராம். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு தயார் பண்ணாம வாசிச்சேன். மூணு இடத்துல தப்பு விட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். உட்காரவில்லை, சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

ஆனால் அந்தப் பெண்ணின் போக்கைப் பிடிக்க அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்று அவர் உடம்புக்கே தெரியும். அக்டோபர் நான்காம் தேதி அடுத்த கச்சேரி. அன்றைக்குத் தன் இடத்தை உங்களுக்கு விட்டுத்தருவதாக இலியானாவே சொல்கிறாள். நான் எழுதுவது எலாதியோவுக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சை செய்த இடுப்போடு நான்கு மணி நேரம் விமானத்தில் உட்காரும் தெம்பை மாதா உங்களுக்குத் தரட்டும்.

உங்கள் வரவுக்குப் படுக்கை விரித்து வைத்திருக்கும்,
நோயெமி