அங்கியில் இருந்த புகை

என் பிள்ளைகளின் தகப்பனாருக்கு,

நானும் பிள்ளைகளும் மலைமேல் உயிரோடு இருக்கிறோம். மற்றது எதுவும் மிஞ்சவில்லை.

துருக்கியர் படை வருகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது, உங்களைப் போலச் சிவப்புத் தொப்பி போட்ட நம் பாரசீக அரசர் ஷாவின் வீரர்கள்தான் முதலில் வந்தார்கள். எல்லோருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டேன். அவர்கள் தலைவன் உப்பு தொட்டுத் தின்றுவிட்டு, "உன் கை நோகாம இருக்கட்டும், தங்கச்சி" என்று வாழ்த்தினான். பிறகு அதே அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துப் போய் நம் கோதுமை வயலில் வைத்தான்.

"நாங்க உங்க ஆளுங்கய்யா" என்றேன்.

"தெரியும், தங்கச்சி. துருக்கிக்காரன் குதிரைக்கு ஒரு பிடிகூடக் கிடைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப நாங்க எதைத் திங்கிறது?"

"அதைப் பத்தி உத்தரவு ஒண்ணும் இல்ல."

அடுத்து வீட்டைக் கொளுத்தினார்கள். கிணற்றில் செத்த கழுதையைப் போட்டார்கள். துருக்கியர் இன்னும் வந்து சேரவில்லை.

போன மாதம் நீங்கள் வந்தபோது அங்கியெல்லாம் புகை வாடை. எதிரியின் ஊர்ப் புகை என்று பெருமையோடு ஆற்றில் துவைத்தேன். நான் சுட்ட ரொட்டியை நீங்கள் தொடவில்லை. வழியில் ஓர் ஊரில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னீர்கள்.

அங்கே உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவள் யார்?

உங்கள் மனைவி