கோடாலியைப் புதைத்தல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. நீ என்னோடு கதைக்காவிட்டாலும் உன் மகளாவது கதைப்பாள்தானே. அவளுக்குத் தமிழ் வராதாம் என்று கேள்விப்பட்டேன்.

போன கிழமை மிஸ் ஒரு ஆங்கில மரபுத்தொடர் படிப்பித்தார். தமிழில் சொன்னால், கோடாலியைப் புதைப்பது. பகையை விட்டுச் சமாதானமாவது என்று பொருளாம். நீ இருக்கிற கனடாப் பக்கத்துப் பூர்வகுடிகள் முந்திச் சண்டை முடிந்ததும் உண்மையாகவே கோடாலியை மண்ணுக்குள் புதைப்பார்களாம்.

"புதைச்ச இடத்துக்கு என்ன அடையாளம் வைப்பினம் மிஸ்?" என்று கேட்டேன். வகுப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்க இருந்ததுபோலத் தலையாட்டினார்கள். மிஸ் மட்டும் சிரித்தார்.

"அது திருப்பி எடுக்கிறதுக்கில்லை, அக்கா."

அவர் கொழும்பில் வளர்ந்தவர். கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது நாங்கள் எதையெல்லாம் புதைத்துவிட்டு ஓடினோமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் தையல் மெசினை உரப்பையில் சுற்றி, நீயும் நானும் மாமரத்தடியில் புதைத்தோமே. நான் ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்தபோது மரமே இல்லை. நீ முகாமிலிருந்தே கனடாவுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்ததை இதில் எழுதப்போவதில்லை.

வீட்டுத்திட்டத்தில் வீடு கட்ட வந்தவர்கள் எங்கள் வளவு நிலம் முழுவதையும் கொத்தினார்கள். மாமரம் நின்ற மூலையில் மட்டும் நான் மண்வெட்டி வைக்க விடவில்லை. இடம் உனக்குத்தான் சரியாகத் தெரியும்.

கோடாலி புதைத்த அந்த ஆட்கள், புதைத்ததை எடுக்கத் திரும்பி வருவதில்லையாம். நாங்கள் அப்படிப் புதைக்கவில்லையே, தங்கச்சி.

இப்படிக்கு,
வளவில் இருக்கும் அக்கா